மட்டாஞ்சேரியின் பழைய மரச்சாமான்கள்

கொச்சிக்கு நம்மைக் காண வரும் நண்பர்களை மட்டாஞ்சேரிக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். முதலில் அரண்மனையையும் அங்குள்ள இராமாயணச் சுவரோவியங்களையும் காட்டுவோம். பிறகு யூதர்களின் பரதேசி ஜெபாலயத்தையும் அதன் தரையில் பதித்துள்ள நீலவண்ணச் சீன ஓடுகளையும் காட்டுவோம். இவ்விரண்டையும் கண்டவுடன், ஊர் பார்த்தாயிற்று என்ற எண்ணத்தில் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆயினும் அரண்மனைக்கும் ஜெபாலயத்துக்கும் இடைப்பட்ட குறுகிய தெருவில் இருமருங்கிலும் அமைந்துள்ள பழம்பொருட் கடைகளே நம் மனத்தை மிகுதியும் கவர்ந்தவை. அரண்மனையைப் பற்றி எழுதியவர் பலர். ஜெபாலயத்தைப் பற்றி எழுதியவரும் பலர். இக்கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் நாற்காலிகளும் பெட்டிகளும் கட்டில்களும் எவ்வாறு இங்கு வந்து சேர்ந்தன என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அவ்வரலாற்றைச் சிறிது கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இதில் கற்க வேண்டிய பாடம் ஒன்றும் உண்டு.

கொச்சித் துறைமுகம் இயற்கை அளித்த கொடை. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து போயிற்று என்றும், கொச்சியின் கடல்வாய் அகன்று ஆழமாயிற்று என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். பழந்தமிழர் முசிறி என்று போற்றிய துறையின் வாணிகம் நாளடைவில் கொச்சிக்கு வந்து சேர்ந்தது. 1500-இல் போர்ச்சுகீசியர் வந்தனர். இன்று டச்சு அரண்மனை என்று வழங்கும் மட்டாஞ்சேரி அரண்மனையை 1555-ஆம் ஆண்டையொட்டிக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தவர்கள் அவர்களே. கொடுங்கல்லூர்ப் பகுதியை விட்டு வந்த யூதர்களுக்கு மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே நிலம் வழங்கினார். அங்கு 1568-இல் பரதேசி ஜெபாலயம் எழுந்தது. 1663-இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரை வென்று கொச்சியைக் கைப்பற்றினர். 1795-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரை வென்றனர். கோயிலைச் சுற்றிக் கொங்கணியரும், பண்டகசாலைகளைச் சுற்றிக் குஜராத்தியரும் கச்சி மேமன்களும் குடியேறினர். அயலேயுள்ள கோட்டைக் கொச்சியில் துணி வெளுக்கும் தொழிலில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டிருப்போர் தமிழகத்திலிருந்து வந்த குடும்பத்தினரே.

இத்தனை மக்களும் வந்தபோது அவர்களுடைய சொற்களும் உடன் வந்தன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்செய்தி தனிச்சுவை உடையது. மேசை என்கிறோம், அலமாரி என்கிறோம், ஜன்னல் என்கிறோம். இம்மூன்றும் போர்ச்சுகீசியச் சொற்களின் வழியில் வந்தவை. மலையாளத்திலும் இவை சிறிது ஒலிமாற்றத்துடன் வழங்குகின்றன. இலங்கைத் தமிழர் நாற்காலியைக் கதிரை என்பதும் இவ்வகையினதே. நம் முன்னோர் பாயிலும் பலகையிலும் திண்ணையிலும் அமர்ந்தவர்கள். பெட்டியும் பத்தாயமும் ஊஞ்சலும் கட்டிலும் நம்மிடம் இருந்தன. உயரமான மேசையும், முதுகு சாயும் நாற்காலியும், கதவும் தட்டும் கொண்ட அலமாரியும் நம் வீடுகளில் பரவியது கடல்வழி வாணிகம் வந்த பின்னரே. வடிவம் ஐரோப்பாவினது, மரமும் கைத்திறனும் இந்நாட்டினவை.

மலையாளக் கரையில் தேக்கும் ஈட்டியும் பலாவும் மிகுதி. அவற்றைக் கொண்டு இங்குள்ள தச்சர்கள் செய்தவற்றுள் சிலவற்றை மட்டாஞ்சேரிக் கடைகளில் இன்றும் காணலாம். நகைகளையும் ஆவணங்களையும் வைத்துக் காக்கும் நெட்டூர்ப் பெட்டி அவற்றுள் சிறப்பானது. கோயிற் கூரையைப் போல் நாற்புறமும் சரிந்த மூடியும், பித்தளைப் பட்டைகளும், செந்நிற மெருகும் கொண்டது அது. தலச்சேரிக்கு அருகிலுள்ள நெட்டூரின் பெயரால் வழங்குகிறது. நெல்லைக் கொட்டி வைக்கும் பத்தாயம், மேற்கட்டி அமைந்த சப்பிரமஞ்சம், கைகள் நீண்டு கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ள உதவும் சாய்வு நாற்காலி, பிரம்பு பின்னிய டச்சு இருக்கைகள் என வகைகள் பல.

டச்சு நிறுவனத்தின் ஆட்சி கொச்சியோடு நிற்கவில்லை என்பது நேயர்கள் அறிந்ததே. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அவர்களுடைய துறைகள். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அவர்கள் வசம் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் கருங்காலி மரத்தால் நாற்காலிகள் செய்து ஐரோப்பியருக்கு விற்றனர். முறுக்கிக் கடைந்த கால்களும், நெருங்கிச் செதுக்கிய பூவேலையும் கொண்ட கரிய நாற்காலிகள் அவை.

இந்நாற்காலிகளுக்கு இங்கிலாந்தில் நேர்ந்த கதி வியப்பானது. ஹொரேஸ் வால்போல் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர். பிரதமராக இருந்த ராபர்ட் வால்போலின் மகன். பழம்பொருள்களில் பெரும் பற்றுடைய அவர், 1763-இல் இத்தகைய கருங்காலி நாற்காலிகளை ஏலத்தில் வாங்கி, ஸ்ட்ராபெரி ஹில் என்னும் தம் மாளிகையில் வைத்தார். அவை எட்டாம் ஹென்றி மன்னர் காலத்து ஆங்கிலத் தச்சர்களின் வேலை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அம்மன்னரின் அமைச்சராயிருந்த கார்டினல் உல்சி வாழ்ந்த இல்லம் ஒன்றில் அதுபோன்ற நாற்காலிகளைக் கண்டிருந்ததே அதற்குக் காரணம். அவருடைய சொல்லை நம்பிச் செல்வந்தர் பலரும் அத்தகைய நாற்காலிகளை ஆங்கிலேயரின் பழம்பெருமை என்று தேடி வாங்கினர். அவை நம் கீழைக் கடற்கரையில் செய்யப்பட்டவை என்பது அறிஞர்களிடையே நிலைபெற்றது 20-ஆம் நூற்றாண்டில்தான். செய்தவனின் பெயரும் ஊரும் எழுதப்படாமல் போனால், அவன் கைவண்ணம் பிறர் பெருமையாகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி யூதத் தெருவில் கடைகள் தோன்றிய வரலாற்றுக்கு வருவோம். 1948-இல் இஸ்ரேல் நாடு உருவானபோது கொச்சிப் பகுதியில் 2,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தனர். கொச்சி மன்னர்களின் ஆதரவில் அச்சமின்றி வாழ்ந்தவர்கள் அவர்கள். இங்கிருந்து அவர்களை விரட்டியவர் எவருமிலர். ஆயினும் முன்னோர் நாடு என்ற எண்ணம் அவர்களை அழைத்தது. 1950-களின் நடுப்பகுதியில் பெரும்பான்மையோர் புறப்பட்டனர். பரதேசி யூதர்கள் சில காலம் தங்கி, பின்னர் சிறிது சிறிதாகக் குடிபெயர்ந்தனர். பெட்டியில் அடங்கியவற்றை எடுத்துச் சென்றனர். கட்டிலையும் அலமாரியையும் எவ்வாறு கொண்டு செல்வது? அவை அண்டை வீட்டாருக்கும் வணிகருக்கும் விற்கப்பட்டன. இன்று அத்தெருவில் யூதர் என்று சொல்ல ஒருவர் இருவரே எஞ்சியுள்ளனர். பெயர் மட்டும் யூதத் தெருவாகவே இருக்கிறது.

யூதர்கள் விட்டுச்சென்றவை மட்டும் இத்தனை கடைகளை நிரப்பியிருக்க இயலாது. கேரளத்தின் பழைய தறவாடுகள் கலைந்தது இரண்டாவது காரணம். 1970 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத்தால் குத்தகை நெல் வருவது நின்றது. நெல் வராத வீட்டில் பத்தாயம் எதற்கு? 1975-ஆம் ஆண்டின் சட்டம் கூட்டுக் குடும்ப உரிமையை ஒழித்து, சொத்தைத் தனித்தனிப் பங்காக்கியது. நாற்கட்டு வீட்டை எட்டுப் பேர் எவ்வாறு பிரித்துக்கொள்வது? வீட்டை இடித்து மரத்தை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்வதே எளிதாயிற்று. இவ்வாறு கதவும் நிலையும் தூணும் உத்தரமும் வண்டியேறி மட்டாஞ்சேரிக்கு வந்தன. நம் செட்டிநாட்டிலும் இதே கதைதான். பர்மா வாணிகம் அற்றுப்போனபின் பராமரிக்க இயலாத மாளிகைகளிலிருந்து பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளுக்குச் சென்றன. அங்கிருந்து பல ஊர்களுக்கும் பரவின.

மூன்றாவது காரணம் வாணிகத்தின் போக்கு. மிளகும் இஞ்சியும் ஏலமும் நிறைந்திருந்த பண்டகசாலைகள் அத்தெருவை ஒட்டி இருந்தன. 1957-இல் மிளகு முன்பேர வாணிகம் அங்கு முறையாகத் தொடங்கியது. தரகர்கள் கூவி விலை பேசும் ஒலி பல ஆண்டுகள் கேட்டது. வில்லிங்டன் தீவில் புதிய துறைமுகம் வளர்ந்ததாலும், வாணிகம் கணிப்பொறிக்கு மாறியதாலும் அந்த ஒலி அடங்கிற்று. ஒழிந்த பண்டகசாலைகளுக்குப் பழம்பொருள்கள் வாடகைக்கு வந்தன. ஜெபாலயம் காண வந்த வெளிநாட்டார் வாடிக்கையாளர் ஆயினர்.

இக்கடைகளுள் பல குடும்பத் தொழிலாக நடப்பவை. தந்தை பொருளை மதிப்பிடுவார். மகன் வெளிநாட்டாருடன் பேசுவார். பின்கட்டில் தச்சர் ஒருவர் உடைந்த காலைச் சீர்செய்து கொண்டிருப்பார். அத்தகைய கடை ஒன்றின் பெரியவர் நமக்கு ஓய்வு நாட்களில் ஆசிரியராக வாய்த்தார். பழமையைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, கையால் பார்க்க வேண்டும் என்பது அவருடைய முதற்பாடம். மேசையின் மேற்புறத்தை யாரும் மெருகேற்றலாம். அடிப்புறமே உண்மை பேசும். கைவாளால் அறுத்த பலகையில் கீறல்கள் நேராகவும் ஒழுங்கின்றியும் இருக்கும். இயந்திர வட்டவாளால் அறுத்ததில் அவை வளைந்திருக்கும். பெட்டியின் மூலைகளில் புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். அவை சிறிதும் பெரிதுமாக இருந்தால் கைவேலை. அச்சில் வார்த்ததுபோல் ஒத்திருந்தால் இயந்திர வேலை. கூர்முனை கொண்ட திருகாணி 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இயந்திரத்தால் வந்தது. அதற்கு முற்பட்ட திருகாணியின் முனை மழுங்கியிருக்கும். மரம் தன் நார் ஓடும் நீளத்தில் சுருங்குவதில்லை, குறுக்கே சுருங்கும். ஆதலின் நூறாண்டு கடந்த வட்டமேசையை அளந்து பார்த்தால் அது முழுவட்டமாக இராது.

பெரியவர் மற்றொன்றையும் மறைக்காமல் கூறினார். பழைய உத்தரத்தை அறுத்துப் புதிதாகச் செய்யும் மேசைகளும் இத்தெருவில் உண்டு. மரம் நூறாண்டுப் பழமை; மேசையோ சென்ற மாதத்துப் பிறப்பு. அதனை அவ்வாறே சொல்லி விற்பது நேர்மையான வாணிகம். சொல்லாமல் விற்பது வேறு.

இத்தகைய கடையை ஒரு குடும்பம் எவ்வளவு உயர்த்தக் கூடும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இஸ்ரேல் சாக் என்பவர் லிதுவேனியாவில் பிறந்த யூதர். தச்சுத் தொழில் கற்றவர். 1903-இல் பாஸ்டன் நகருக்குக் குடியேறி, 1905-இல் சொந்தமாகக் கடை வைத்தார். பழைய நாற்காலிகளைச் சீர்செய்யும் வேலையில் இறங்கியவர், தம் கைக்கு வந்த 17, 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சாமான்களின் அருமையை உணர்ந்தார். அக்காலத்தில் செல்வந்தர்கள் இங்கிலாந்தின் சாமான்களையே உயர்ந்தவை என்று கருதினர். குடியேறிகளின் மரபில் வந்த எளிய தச்சர்கள் செய்தவற்றில் கலை இருக்கக்கூடும் என்று நம்பியவர் குறைவு. 1924-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம் அமெரிக்கக் கலைக்கெனத் தனிப்பகுதி திறந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. ஹென்றி ஃபோர்டும் ஹென்றி பிரான்சிஸ் டூபாண்டும் சாக் கடையின் வாடிக்கையாளர் ஆயினர்.

கடை பின்னர் நியூயார்க்குக்கு மாறிற்று. சாக்கின் மூன்று மக்களும் அதனை ஏற்று நடத்தினர். அவர்களுள் ஆல்பர்ட் சாக் 1950-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே வகைச் சாமான்கள் மூன்றின் படங்களை அருகருகே அச்சிட்டு, இது நன்று, இது அதனினும் நன்று, இது மிகச் சிறந்தது என்று தரம் பிரித்துக் காட்டிய நூல் அது. கண்ணுக்குப் பயிற்சி தரும் அதைவிட எளிய முறை இல்லை எனலாம். 1989-இல் நியூபோர்ட் நகரின் 18-ஆம் நூற்றாண்டு எழுதுமேசை ஒன்றைப் புத்தக அலமாரியுடன் சேர்த்து 1 கோடியே 21 இலட்சம் டாலருக்கு ஹெரால்ட் சாக் ஏலத்தில் எடுத்தார். அது பிரவுன் என்னும் குடும்பத்துக்காகச் செய்யப்பட்டு, அக்குடும்பத்தின் வழிவழியாகவே வந்தது என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. வேலைப்பாட்டோடு இத்தெளிவும் சேர்ந்தே அதன் மதிப்பை உயர்த்தின.

சாக் கடை 2002-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் தாங்கள் விற்ற சாமான்களின் படங்களையும் விவரங்களையும் அக்குடும்பத்தார் தொகுதி தொகுதியாக வெளியிட்டிருந்தனர். அவர்களுடைய ஆவணங்கள் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தைச் சேர்ந்தன. கடை மறைந்தது, ஏடு நிலைத்தது. அக்குடும்பம் தன் புகுந்த நாட்டுக்கு அளித்த பெரிய பரிசு அந்த ஏடுதான் என்று நாம் கருதுகிறோம்.

இதனை நாம் அழுத்திக் கூறுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. கும்பகோணத்துக்கு அருகேயுள்ள எங்கள் பூர்வீக வீட்டின் கூடத்தில் தேக்கு ஊஞ்சல் ஒன்று இருந்தது. பித்தளைச் சங்கிலி, சங்கிலியின் இடையிடையே சிறு கிளி உருவங்கள். எங்கள் பாட்டி அதில் அமர்ந்துதான் வெற்றிலை மடிப்பார். எங்கள் தந்தையார் மறைந்தபோது நாம் தில்லியில் பணியிலிருந்தோம். சிற்றப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, “வீட்டைக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறோம். ஊஞ்சலுக்கு ஒரு வியாபாரி வந்திருக்கிறார். உனக்கு வேண்டுமாப்பா?” என்று கேட்டார். அரசு குடியிருப்பில் இரண்டு அறை வீட்டில் ஊஞ்சலை எங்கே மாட்டுவது? “உங்கள் இஷ்டம் சிற்றப்பா” என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் புறப்பட்டோம். கிடைத்த தொகையில் நம் பங்கு எவ்வளவு என்பதுகூட இன்று நினைவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், கொச்சிக்கு மாற்றலாகி வந்த புதிதில், யூதத் தெருக் கடை ஒன்றில் ஓர் ஊஞ்சலைக் கண்டோம். தேக்குப் பலகை, பித்தளைச் சங்கிலி, இடையே கிளிகள். நெஞ்சு படபடத்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். “தமிழ்நாடு, சார்” என்றார் கடையிலிருந்த பெரியவர். எந்த ஊர், எவருடைய வீடு என்பது அவருக்குத் தெரியாது; அவருக்கு விற்ற தரகருக்கும் தெரிந்திராது. அவரைக் குறை கூறுவதற்கில்லை. எங்களிடமாவது என்ன இருந்தது? ஒரு புகைப்படம் இல்லை. பலகையின் நீள அகலம் தெரியாது. அடிப்புறத்தில் என்ன அடையாளம் இருந்தது என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. கிளிச் சங்கிலிகள் தஞ்சைச் சீமையில் எத்தனையோ வீடுகளில் இருந்திருக்கும். அரைமணி நேரம் அதன் முன் நின்றும், அது எங்களுடையது என்றோ அன்று என்றோ சொல்ல எங்களால் இயலவில்லை. மூலம் தொலைந்துபோன மொழிபெயர்ப்பைப் போல அது தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர்தாம் பின்னர் நமக்கு ஆசிரியரானவர்.

சட்டம் இத்துறையில் செய்யக்கூடியது சிறிது உண்டு. 1972-இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றம். அவற்றை விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இச்சட்டம் பொருளை நாட்டின் எல்லைக்குள் நிறுத்திவைக்கும். பொருளின் கதையை நிறுத்திவைக்கும் ஆற்றல் அதற்கில்லை. அது வீட்டாரின் கடமை.

அக்கடமையை யூதர்கள் ஓரளவு ஆற்றினர் என்றே சொல்ல வேண்டும். கி.பி. 1000-ஆம் ஆண்டையொட்டிப் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேட்டை அவர்கள் நூற்றாண்டுகள் பல காத்தனர். அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. தமிழெழுத்தின் உடன்பிறப்பான எழுத்து அது. வீடு மாறிற்று, ஊர் மாறிற்று, ஆட்சி மாறிற்று, செப்பேடு கைவிடப்படவில்லை. மட்டாஞ்சேரியிலேயே கடவும்பாகம் ஜெபாலயம் என்று மற்றொன்று உண்டு. 1544-இல் எழுந்ததாகக் கூறுவர். மக்கள் குடிபெயர்ந்தபின் அக்கட்டடம் கிடங்காயிற்று. அதன் செதுக்கு வேலைப்பாடமைந்த உள்மரவேலையை ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தார் பெற்று, 1990-களில் மீண்டும் பொருத்திக் காட்சிக்கு வைத்தனர். அதனைக் காண்போர், அது மலையாளக் கரையின் தச்சர் வேலை என்றும் எந்த ஊரின் எந்த ஆலயத்தது என்றும் அறிந்து செல்கின்றனர். மட்டாஞ்சேரியில் எஞ்சிநின்ற சுவர்களோ 2019-ஆம் ஆண்டு மழையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தன.

பரதேசி என்னும் சொல்லைத் தமிழில் நாம் ஏளனமாகவும் இரக்கமாகவும் வழங்குகிறோம். வேற்று நாட்டவர் என்பதே அதன் நேர்ப்பொருள். அப்பொருளில் பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் வாழும் தமிழர்களாகிய நாமும் பரதேசிகளே. ஊரிலுள்ள பழைய வீட்டைக் காக்க எல்லோராலும் இயலாது. பத்தாயத்தை அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏற்றவும் இயலாது. விற்பதில் குற்றமில்லை. ஆனால் விற்பதற்கு முன் ஒரு பிற்பகலை அதற்கென ஒதுக்குவது இயலும். பொருளைப் படமெடுங்கள், அடிப்புறத்தையும் எடுங்கள். நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். எந்த மரம், எந்த ஊர்த் தச்சர், எவருடைய திருமணத்துக்கு வந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத் தேதியிட்டு எழுதுங்கள். ஒரு படியை நீங்கள் வைத்துக்கொண்டு, மற்றொரு படியை வாங்குபவரிடம் கொடுங்கள். நல்ல கடைக்காரர் அதனை மகிழ்ந்து பெற்றுக்கொள்வார். பொருளின் மதிப்பும் அதனால் உயரும்.

மட்டாஞ்சேரியில் கண்ட அந்த ஊஞ்சல் சில வாரங்களில் விற்றுப்போயிற்று. பெங்களூரில் புதுமனை கட்டிய ஒருவர் வாங்கிச் சென்றதாகப் பெரியவர் கூறினார். அங்கே அது நன்றாக இருக்கும், குழந்தைகள் ஆடுவார்கள். அந்த வீட்டுக் குழந்தை ஒன்று என்றேனும், இது யாருடைய ஊஞ்சல் என்று கேட்குமானால், அதற்குச் சொல்ல அவர்களிடம் விடையில்லை. அவ்விடையை எழுதித் தந்திருக்க வேண்டியவர்கள், நம்மைப் போன்ற எவரோதாம்.